முக்காடும் தொப்பியும்

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைத் தாண்டி, சூலியா பள்ளிவாசலையும் தாண்டி ஆற்றுப் பக்கமாக நடந்தால் ஹோங் லிம் வளாகம் வரும். கீழே கடைகள், அதன்மேல் உணவங்காடி, இன்னும் மேலே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள். மதியத்தில் அலுவலகக் கூட்டம் கறி மீ வாங்க நீள வரிசையில் நிற்கும். அந்த வரிசை கவனிக்காத ஒரு நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய், சீன ஆண்களை வரவழைத்துத் தரம் பிரித்த இடங்களில் இதுவும் ஒன்று என்கிறது அது. பதினெட்டிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்கள் வர வேண்டும். வந்தவர்கள் வரிசையாக நடக்க, தலையையும் முகத்தையும் மூடி முக்காடிட்ட ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முக்காடு அசைந்தால் லாரியில் ஏற வேண்டியதுதான். அசையாவிட்டால் தாளிலோ கையிலோ ஒரு முத்திரை, வீட்டுக்குப் போகலாம். அப்படிக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஐயாயிரம் பேர் என்றது ஜப்பானியத் தரப்பு; ஐம்பதாயிரம் வரை என்றது சீனச் சமூகம்.

முக்காட்டுக்குள் இருந்தது யார் என்று கடைசிவரை பலருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம். சீட்டுப் பணம் பாக்கி வைத்தவனாக இருக்கலாம். உளவு என்பது சைனாடவுனுக்குள் அந்த உருவத்தில்தான் நுழைந்தது.

அங்கிருந்து பகோடா தெரு வழியாக யூ டோங் சென் தெருவுக்குப் பத்து நிமிட நடைதான். ஈயச் சுரங்கமும் மருந்துக் கடைகளும் வைத்திருந்த யூ டோங் சென், தன் மனைவி காண்டனீஸ் இசைநாடகம் பார்ப்பதற்காக 1920களின் கடைசியில் கட்டிய மாளிகை அங்கே நிற்கிறது. வேறொரு கொட்டகையில் அந்த அம்மாளுக்கு இடம் மறுக்கப்பட்டதுதான் காரணம் என்றொரு கதை உண்டு. பின்பு அது மெஜஸ்டிக் என்ற பெயரில் திரையரங்கானது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியரின் பிரச்சாரப் படங்கள் ஓடின. சண்டை முடிந்தபின் சீனப் படங்கள் பல பத்தாண்டுகள் ஓடி, 1998-இல் மூடப்பட்டது.

ஒற்றன் முக்காடு போட்டு வந்த ஊர் இது. கால் நூற்றாண்டு கழித்து அவன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரையில் கோமாளித்தனம் செய்தபோது இதே ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? ஒற்றர் படத்தைக் கேலி செய்யும் படம் எடுபடுவதும் படுத்துவிடுவதும் பெரும்பாலும் இயக்குநர் கையில் இல்லை என்றே நினைக்கிறேன். யாராவது தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயம் பார்க்கிறவருக்கு எவ்வளவு தூரம் சொந்த அனுபவம் என்பதில்தான் அது இருக்கிறது.

1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு நடத்திய மோதலில் சிங்கப்பூரும் குண்டுகளுக்குத் தப்பவில்லை. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் வெடித்த குண்டு மூன்று பேரைக் கொன்றது. வைத்தவர்கள் சீருடையில் வரவில்லை. சாதாரணச் சட்டையில் படகேறி வந்த இந்தோனேசியக் கடற்படையினர் இருவர். இதே ஆண்டுகளில்தான் ஜேம்ஸ் பாண்ட் மோகம் ஆசியா முழுதும் பரவியிருந்தது. ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் கூடத்திலிருந்து 1966-இல் ‘கெராக் கிலாட்’ வந்தது. ஜெஃப்ரி ஜெய்ன் என்ற மலாய் உளவாளியாக ஜின்ஸ் சம்சுதீன். கோட்டும் சூட்டும் கலையாத, முழுக்க நிஜம் என்று நம்பி நடித்த நாயகன். அடுத்த ஆண்டே போட்டிக் கம்பெனியான கேத்தே கெரிஸ் ‘மேட் பாண்ட்’ எடுத்தது. நகைச்சுவை நடிகர் மேட் செந்தூல், எம். அமினோடு சேர்ந்து இயக்கித் தானே நடித்தார். கேமரா வித்தைகளில் அவருக்கு அபார மோகம். ஜெஃப்ரி ஜெய்னின் கோட்டு சலவைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைக் கிண்டல் செய்ய ஆள் வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே இடையில் ஒன்று. ஜாலான் அம்பாஸிலும் கேத்தே கெரிஸிலும் மலாய்ப் படங்களுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், கே. எம். பாஸ்கர், பி. என். ராவ், எஸ். ராமநாதன். சீனர் பணம், மலாய் நடிகர், நம்மாள் இயக்கம் என்பது அந்தக் காலத்துச் சூத்திரம். பாட்டு, அழுகை, கோமாளி, சண்டை என்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கிண்டும் வழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். மேட் செந்தூலின் உளவாளி பாண்டுக்கு எவ்வளவு பேரனோ, அவ்வளவுக்கு மதராஸ் கோமாளிகளுக்கும் பேரன்.

‘மேட் பாண்ட்’ வந்த வருடத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மெக்டொனால்ட் ஹவுஸ் குண்டுக்காரர்கள் இருவரும் அப்போது மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்கள். 1968 அக்டோபரில்தான் தூக்கிலிடப்பட்டார்கள். நிஜமான மாறுவேடக்காரன் சிறையில் இருக்கும்போதே வேடிக்கையான மாறுவேடக்காரன் கொட்டகையில் ஓடியிருக்கிறான். பார்த்தவர்களுக்குப் பயம் பழசாகவில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பில் ஒரு விடுதலை இருந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையோடு உட்கார்ந்திருப்பவனைச் சந்தேகப்பட்டுப் பழகியவர்களுக்கு, எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யும் ஓர் உளவாளி எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் பயம் அனுபவமாக இருப்பதாலேயே சிரிப்பு அடைபட்டுப்போவதும் உண்டு. கிரஹாம் கிரீன் எழுதி, கேரல் ரீட் இயக்கிய ‘அவர் மேன் இன் ஹவானா’ இதற்குச் சரியான சாட்சி. வேக்குவம் கிளீனர் விற்கும் ஓர் ஆங்கிலேயர் மகளின் செலவுக்காக உளவாளி வேலையை ஏற்றுக்கொள்கிறார். தெரிந்தவர்களையெல்லாம் துணை உளவாளிகள் என்று கணக்கெழுதுகிறார். வேக்குவம் கிளீனரின் பாகங்களைப் பெரிதாக்கி வரைந்து, மலைக்குள் ரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். லண்டன் நம்புகிறது. படப்பிடிப்பு ஹவானாவிலேயே 1959-இல் நடந்தது. காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவரே படப்பிடிப்பைப் பார்க்க வந்தார். புதிய ஆட்சியாளர்களுக்கு மட்டும் ஒரு குறை. காஸ்ட்ரோவுக்கு முன் ஆண்ட பாட்டிஸ்டாவின் போலீஸ் எத்தனை பேரை வதைத்தது, அந்தக் கொடுமை கதையில் போதிய அளவு இல்லையே என்றார்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையைக் கிண்டல் செய்யும் ஆசையில் கியூபாவின் பயங்கரத்தைச் சிறியதாக்கிவிட்டோம் என்பதைக் கிரீனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். லண்டன் அரங்கில் கேலியாகப் பட்டது, நகம் பிடுங்கப்பட்டவனுக்கு அலட்சியமாகப் பட்டிருக்கிறது.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் ஒற்றன் புதியவன் அல்லன். வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அரசனுக்கு அது நிர்வாகப் பாடம். எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 47-ஆம் பாட்டின் பின்னணி. இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடம் பரிசில் பெற்று உறையூருக்குள் வருகிறார். அங்கிருக்கும் நெடுங்கிள்ளி, எதிரியிடமிருந்து வந்த ஆள் என்பதால் இவர் ஒற்றன்தான் என்று முடிவுகட்டிக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் குறுக்கிட்டு, புலவர்களின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று எடுத்துச் சொல்லி ஆளை மீட்கிறார். பரிசில் தேடி ஊர் ஊராக அலையும் ஒரு பாவப்பட்ட மனிதரைப் பார்த்து நாடே பயப்படுகிறது. உலகத்து ஒற்றர்க் கேலிப் படங்கள் பலவற்றின் கதைமுடிச்சும் இதுதான்: அப்பாவி ஒருவன் உளவாளியாக எண்ணப்படுகிறான். இளந்தத்தனுக்கும் ஹவானாவின் வேக்குவம் கிளீனர் வியாபாரிக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் மட்டுமே வித்தியாசம்.

இப்படி ஒரு முன்னோர் இருந்தும், தமிழ் சினிமாவுக்கு ஒற்றன் வந்தது வேறு வழியில், பெட்டியும் தொப்பியுமாக, வெளியூர்ச் சரக்காக. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ஆர். சுந்தரம் இயக்கத்தில் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’, ஓ.எஸ்.எஸ். 117 என்ற பிரெஞ்சு உளவாளியின் பாங்காக் சாகசப் படமொன்றின் தழுவல். அதில் நடித்த ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டமே நிலைத்தது. 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’. இரகசிய அறைக்குச் சுவரில் தொங்கும் படத்தைத் திருகுவது, பளபளக்கும் விளக்குகள் பொருத்திய அட்டைப் பலகை முன் வில்லன் உட்கார்ந்து கைதட்டுவது, மச்சம் ஒட்டினால் தாயே பிள்ளையை அடையாளம் தெரியாமல் போவது. அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் இவற்றை நம்பினார்களா? நம்பவில்லை. நம்பாமலேயே முழுமனதோடு ரசித்தார்கள். கேலி திரைக்கு இந்தப் பக்கம், பெஞ்சு டிக்கெட்டில் நடந்தது. வில்லன் சிவப்புப் பொத்தானில் கைவைக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ‘கரண்டு போயிடுச்சு மாமா’ என்று சொல்லியிருக்கும், அரங்கு சிரித்திருக்கும், ஜெய்சங்கர் மீதான அன்பில் ஓர் அணுவும் குறைந்திருக்காது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இதே காரியத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 2006-இல் மிஷேல் ஹசனாவிசியஸ் அதே ஓ.எஸ்.எஸ். 117-ஐ எடுத்து, கெய்ரோவுக்கு அனுப்பி, ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிந்ததாக நடக்கும் காலனியத் திமிர்க்காரனாக மாற்றிக் காட்டினார். அங்கே கேலிக்கு ஒரு குறி இருந்தது. தங்கள் தாத்தாக்களின் அகந்தையைப் பார்த்துப் பேரன்கள் சிரித்தார்கள். நமக்கு அந்தக் குறி இல்லை. நம் நாயகன் எந்தச் சாம்ராஜ்யத்துக்கும் உளவு பார்த்தவன் இல்லை. தைத்த கோட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்ட உள்ளூர்ப் பையன் அவன்.

இந்தப் பின்புலத்தில்தான் 1986 மே மாத இறுதியில் வந்த ‘விக்ரம்’ விசித்திரமான படமாகிறது. கமல்ஹாசனின் சொந்தத் தயாரிப்பு, இயக்கம் ராஜசேகர், கதையில் சுஜாதா. குமுதத்தில் அதே கதை தொடராகவும் வந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலைபார்த்த எழுத்தாளர் கணினியையும் ஏவுகணையையும் பற்றி எழுதுகிறார், கமல் நடிக்கிறார், இளையராஜா அதுவரை தமிழில் கேட்காத மின்னணு ஒலியில் தலைப்புப் பாட்டு போடுகிறார். எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. கடத்துபவன் சத்யராஜின் சுகிர்தராஜா. மூன்றாண்டு கழித்து 1989 மே மாதத்தில் இந்தியா நிஜமாகவே அக்னி என்ற ஏவுகணையைச் சோதித்தபோது, பழைய குமுதங்களைத் தேடிய வாசகர்கள் இருந்திருப்பார்கள்.

இதுவரை சரி. இடைவேளைக்குப் பிறகு படம் சலாமியா போகிறது. வரைபடத்தில் இல்லாத ஒரு பாலைவன ராஜ்யம். அம்ஜத் கான் சுல்தான். டிம்பிள் கபாடியா இளவரசி. யாருக்கும் புரியாத ஒரு மொழி. அதைத் தமிழாக்கிச் சொல்ல ஜனகராஜ். சென்னையில் மனைவியைப் பறிகொடுத்துப் பழிவாங்கப் புறப்பட்ட விக்ரம், ராஜஸ்தான் மணலில் ராஜா ராணி கதைக்குள் விழுந்துவிடுகிறான். வந்த கூட்டம் விழித்தது. ஏவுகணைப் படம் பார்க்க வந்தவர்களுக்கு ஏன் இந்த அரண்மனை என்று புரியவில்லை. செலவு மிக அதிகம். வசூல் அந்த அளவுக்கு இல்லை. முதல் பாதி உலகத் தரம், இரண்டாம் பாதி சொதப்பல் என்ற தீர்ப்பு அன்று எழுதப்பட்டு இன்றுவரை மாறவில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. சலாமியாதான் அந்தப் படத்தின் சரக்கு. முதல் பாதியில் இருப்பது ஒழுங்காக எடுக்கப்பட்ட பாண்ட். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெள்ளைக்கார உளவாளி கிழக்கு நாட்டுக்குள் நுழைந்து அங்குள்ள அரசனைக் கோமாளியாகவும் பெண்களைப் பரிசுப்பொருளாகவும் பார்ப்பது பாண்டின் பழக்கம். அதே இடத்தில் ஓர் இந்திய உளவாளியை நிறுத்தினால் அவனுக்கும் அந்தக் கண் வந்துவிடுகிறது. சலாமியாவைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, ஐரோப்பா நம்மைப் பார்த்துச் சிரித்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். சுஜாதாவும் கமலும் இதை முழுக்க அறிந்து செய்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். பாதி அறிந்து, பாதி மசாலாவுக்காகச் செய்திருப்பார்கள். கேலி இயக்குநரின் கைக்கு மீறிப் போகும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

பார்வையாளர் ஏன் ஏற்கவில்லை என்றால், கேலி செய்வது அதுவரை தங்கள் வேலையாக இருந்தது. ஜெய்சங்கர் படத்தில் எங்கே சிரிக்க வேண்டும் என்று பின்பெஞ்சு முடிவுசெய்தது. ‘விக்ரம்’ படத்தில் திரையே முந்திக்கொண்டு சிரித்தது. வேலையைப் பிடுங்கிக்கொண்டால் யாருக்குக் கோபம் வராது?

சிங்கப்பூரில் அந்நாளில் நாங்கள் பல தமிழ்ப் படங்களைப் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில்தான். சிராங்கூன் சாலைக் கடையில் எடுத்து, வார இறுதிக்குள் நாலு வீடுகள் சுற்றி, நாடா தேய்ந்து திரும்பும். ‘விக்ரம்’ எங்கள் புளோக்குக்கு வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியும் (நாங்கள் மாக்சிக் என்போம்) உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாது, ஆனால் ஒரு தமிழ்ப் படத்தையும் விடமாட்டார். முதல் பாதியில் ஒவ்வொரு காட்சிக்கும் என் அம்மாவை இடித்து, “என்னவாம், என்ன சொல்கிறான்?” என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். சலாமியா வந்தது. நாடாவை வேகமாக ஓட்ட என் மாமா எழுந்தார். அப்போதுதான் மாக்சிக் முதன்முறையாகக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். “இப்ப உங்களுக்கும் புரியலை இல்லையா?” என்றார் அம்மாவிடம். படம் முழுக்க அவருக்கு எப்படி இருந்ததோ, அப்படி அந்த அரைமணி நேரம் எங்களுக்கு இருந்தது. மாமா ஓட்டாமல் உட்கார்ந்தார். சலாமியாவின் மொழிபெயர்ப்பாளரை எனக்குத் தெரிந்து சரியாக ரசித்த ஒரே பார்வையாளர் அவர்தான்.

எந்த மேடையிலும் பேசப்படாத இன்னொரு வகைப் பார்வையாளர் உண்டு: தணிக்கையாளர். 2001-இல் பென் ஸ்டில்லரின் ‘ஜூலாண்டர்’ வந்தது. மூளைச்சலவை செய்யப்பட்ட ஓர் ஆண் மாடலைக் கொண்டு மலேசியப் பிரதமரைக் கொல்லத் திட்டமிடுகிறது ஓர் ஆடை முதலாளிக் கும்பல்; பிரதமர் குழந்தைத் தொழிலாளரை எதிர்ப்பதுதான் காரணம். படத்தின் கேலியெல்லாம் நாகரிக உலகத்தின் மீது. மலேசியப் பிரதமர் அதில் நல்லவர் கூட. மலேசியா தடை செய்தது. சிங்கப்பூரும் அனுமதிக்கவில்லை; அனுமதி கிடைத்தது 2006-இல். கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கத்துக்காரர் முகம் சுளிக்கக்கூடாதே என்று தாங்கள் சிரிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அண்டை வீட்டுக்காரர் தூங்கும்போது வானொலியைத் தாழ்த்தி வைக்கும் பண்பு இது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வேன். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கேலியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் வடகொரியர்கள். அவர்களின் தலைவரைக் கொல்ல சி.ஐ.ஏ. இரண்டு தொலைக்காட்சிக் கோமாளிகளை அனுப்பும் ‘தி இன்டர்வியூ’ படத்தையொட்டி 2014 இறுதியில் சோனி நிறுவனத்தின் கணினிகள் சூறையாடப்பட்டன. பெரிய அரங்குச் சங்கிலிகள் பின்வாங்கின. கடைசியில் அது சிறிய அரங்குகளிலும் இணையத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. சுமாரான படம். பயமுறுத்தியதால்தான் பார்க்கப்பட்டது. 2018 ஜூனில் டிரம்ப்–கிம் சந்திப்புக்காகச் சிங்கப்பூரே அலங்கரித்துக்கொண்டிருந்தபோது, கிம் போலவே முடிவெட்டிக்கொண்ட வேடக்காரர் ஒருவரைச் சாங்கி விமான நிலையத்தில் நிறுத்திக் குடிநுழைவு அதிகாரிகள் விசாரித்து அனுப்பினார்கள். நெடுங்கிள்ளிக்கும் அந்த அதிகாரிகளுக்கும் வித்தியாசம் உண்டு, இவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

இவ்வளவு சிரித்த நாம், நம்முடைய நிஜ ஒற்றர்களை மட்டும் படமெடுக்கவே இல்லை. 1942-இல் பினாங்கில் சுவராஜ் நிலையம் என்ற பெயரில் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி கொடுத்தார்கள் இந்திய விடுதலைச் சங்கத்தினரும் ஜப்பானியரும். மலாயாவில் வேலைபார்த்த சாதாரணப் பையன்கள். சிலரை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறக்கிவிட்டார்கள். இறங்கிய வேகத்திலேயே பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்டோர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில், ஆம், திரையரங்கு இருந்த அதே கட்டடத்தில், சுபாஷ் சந்திர போஸ் இயக்கத்தின் தலைமையை ஏற்றிருந்தார். கரை எதுவென்று சரியாகத் தெரியாமல் இருட்டில் இறங்கும் பையன்கள், கையில் பயிற்சிக் குறிப்பு, வயிற்றில் பசி. கிரீன் கையில் கிடைத்திருந்தால் முதல் முக்கால்வாசி நம்மைச் சிரிக்கவைத்துவிட்டுக் கடைசியில் தூக்குமரத்தின் கீழே நிறுத்தியிருப்பார். தமிழில் இதை எடுத்தால் தேசபக்திப் பாட்டோடு தொடங்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஆகவே எடுக்காமல் விட்டதே நல்லது என்று சில சமயம் தோன்றும்.

2022 ஜூனில் லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வந்தது. பெயர் அதே, ஆள் அதே, இளையராஜாவின் பழைய பாட்டின் சாயலும் அதே. சலாமியா இல்லை. இருட்டு, துப்பாக்கி, போதைப்பொருள், கனத்த மௌனம். 1986-இல் விழித்த கூட்டத்தின் பிள்ளைகள் இப்போது எழுந்து நின்று விசிலடித்தார்கள். கமல்ஹாசனின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. எனக்கு அந்த வெற்றி கொஞ்சம் வருத்தம் தந்தது. உளவாளியைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்க எப்படி முடியும்? காலம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் மட்டும் 2021 கணக்கில் 90,000 காவல்துறைக் கேமராக்கள். அது இரண்டு லட்சத்தைத் தாண்டப் போகிறது என்று அப்போதே அறிவித்தார்கள். 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் தலைக்குமேல் கேமரா இல்லாத மூலையைத் தேட வேண்டியிருக்கிறது. முக்காட்டுக்குள் யார் என்று அன்று தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் யார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பாக இருக்கிறது, உண்மைதான். நானும் இரவு பதினொன்றுக்குப் பயமில்லாமல் நடந்து வீடு திரும்புகிறவன். கண்காணிப்பு வசதியாகிவிட்ட இடத்தில் கேலிக்கு ஊன்ற மண் கிடைப்பதில்லை.

ஆனாலும் அந்தப் படத்தின் ஓர் இடத்தில் அரங்கு வேறு மாதிரி அதிர்ந்தது. நாயகனின் வீட்டில் தட்டு கழுவிக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் வேலைக்காரியாகவே தெரிந்த நடுவயதுப் பெண், வீட்டுக்குள் புகுந்த கும்பலைக் கையில் கிடைத்ததைக் கொண்டு குத்திச் சாய்க்கிறாள். ஏஜெண்ட் டீனா. நீண்ட காலம் நடனக் குழுக்களில் இருந்த வசந்தி நடித்தது. நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013-இலிருந்துதான் இங்கே நடைமுறையில் இருக்கிறது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அப்படி ஓய்வில் வந்த தமிழ்ப்பெண்கள் ஏழெட்டுப் பேர், முறுக்குப் பொட்டலத்தோடு. மற்றவர்கள் விசிலடித்தபோது அவர்கள் விசிலடிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடத்திலும் அடுப்படியிலும் முதலாளி கேமரா வைத்துக்கொள்ளலாம், படுக்கும் இடத்திலும் உடைமாற்றும் இடத்திலும் கூடாது என்பது இங்கே அவர்களுக்கான ஏற்பாடு. வாரத்தில் ஆறு நாள் பார்க்கப்படுகிறவர்கள், பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று திரையில் தெரிந்ததும் சிரித்தார்கள். லோகேஷ் கனகராஜ் அந்தக் காட்சியைக் கேலியாக எழுதியிருக்க மாட்டார். அந்த வரிசை அதை மேட் பாண்டாக மாற்றிவிட்டது.

படம் விட்டு வெளியே வரும்போது அவர்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள்:

“வீட்டுல போயி இந்தக் கதைய மேடத்துக்கிட்ட சொல்லித் தொலைக்காதடி. நாளைக்கே ஃபோர்க்க எல்லாம் எண்ணி வைக்க ஆரம்பிச்சிரும்.”